அப்செட் என்று சொன்னாயே, தம்பி

தம்பி,

சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, நிதானமாக உட்கார்ந்து இதைப் படி. ஆபீசில் பாதி, வீட்டில் பாதி என்று படிக்காதே. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். நேற்று நீ கூப்பிட்டபோது சொல்லத்தான் நினைத்தேன். உன் குரலைக் கேட்டதும் முடியாமல் போய்விட்டது. நெடுங்காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கி இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான். பெற்ற பிள்ளையிடம் பேச்சு வராமல் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு, போனை உன் அப்பாவிடம் நீட்டிவிட்டேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். நாளைக்கே உன் கைக்கு வர இன்றைக்கே கூரியரில் போட்டுவிடுவேன்.

சனிக்கிழமை வந்து அபிராமியை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். உன் பெண்டாட்டியை நீ வந்து அழைத்தால் யார் என்ன சொல்ல முடியும் என்கிறார் உன் அப்பா. அவளையே கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல், "நீங்க போன்னு சொன்னா போறேன் அத்தை" என்றாள். முடிவை என் தலையில் வைத்துவிட்டாள். போ என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அனுப்பிவிட்டு, பிறகு என்ன செய்தி வருமோ என்று உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. அனுப்பாவிட்டால் நீ எங்களை அடியோடு உதறிவிடுவாயோ, நாளைக்கு நான் கண்ணை மூடினால்கூட வருவாயோ மாட்டாயோ என்று அது வேறு. ஒரே பிள்ளையைப் பெற்றவளுக்கு இந்தப் பயம் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அபிராமி இங்கே வருவதற்கு முந்தின நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்ன நடந்தது என்று நீ எங்களுக்குச் சொன்னதை எடுத்துக்கொள். முதலில் என்னிடம், "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் அப்செட்டா இருந்தேன், அவ ஓவரா ரியாக்ட் பண்றா" என்றாய். சாயந்திரம் அப்பாவிடம், "அனாய்டா இருந்தேன்பா, வண்டியக் கொஞ்சம் வேகமா ஓட்டிட்டேன், அவ்வளவுதான்" என்றாய். மறுநாள் வாட்ஸ்அப்பில் நீளமாக இங்கிலீஷில் எழுதினாய், நண்பர்கள் முன்னால் அவள் உன்னை அஃபெண்ட் செய்துவிட்டாள் என்று. ஒரு மத்தியானத்துக்கு மூன்று பெயர். ஒரே காய்ச்சலைக் காலையில் ஜலதோஷம் என்றும் மாலையில் மலேரியா என்றும் சொல்கிறவனை எந்த டாக்டர் நம்புவார்? உன் அப்பா, "எல்லாம் கோவந்தானே, இதுல என்ன வித்தியாசம் கண்டுட்ட?" என்றார். பரீட்சையில் அப்படித்தான். கோபத்துக்குச் சமமான சொல் எது என்று கேட்டால், அந்த வரிசையில் எதை எழுதினாலும் மார்க் போட்டுவிடுவோம். வீட்டில் அப்படிப் போட முடியாது, தம்பி.

ஒரு தடவை அனாய், அஃபெண்ட் இரண்டையும் வைத்து வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒரு பெண் எழுந்து, கொசு என்னை அஃபெண்ட் செய்தது என்று படித்தாள். "கொசு அனாய் பண்ணும்டி. அஃபெண்ட் பண்ணணும்னா உன் மரியாதை என்னன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அனாய் என்பது அவ்வளவுதான், ஓர் எரிச்சல். சீரியல் நடுவில் கரண்ட் போவது, உன் அப்பா ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது. உச்சுக் கொட்டுவோம், முணுமுணுப்போம், அது தானாகப் போய்விடும். அனாய்டாக இருக்கிறவன், எதிரில் இருப்பவர் பயப்படுகிறாரா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. அப்செட் என்பது வேறு ரகம். அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் வேலை போனபோது தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாயே, அது அப்செட். உன்னைப் பார்த்துக்கொண்டே நான் தோசையைக் கருகவிட்டேனே, அதுவும் அப்செட்தான். அப்செட்டானவனுக்குக் கை கால் ஓடாது. நீ அன்றைக்கு வண்டி ஓட்டிய மாதிரி ஓட்ட அவனுக்குத் தெம்பு இருக்காது.

அஃபெண்ட் ஆவதில் நம் வீட்டில் உன் அப்பாவை யாரும் மிஞ்ச முடியாது. பூவத்தில் உன் பெரியப்பா மகள் கல்யாணம் நினைவிருக்கிறதா? வீட்டுக்குள் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுக்காமல், பஸ் ஸ்டாண்டில் பார்த்த இடத்திலேயே கையில் திணித்துவிட்டார் பெரியப்பா. "ரோட்டுல நோட்டீஸ் குடுக்குற மாதிரில்ல குடுக்குறாரு அண்ணன்" என்று ஆரம்பித்தவர்தான். கல்யாணத்துக்கு வந்தார், முன் வரிசையில் விறைப்பாக உட்கார்ந்தார், தாலி கட்டியதும் எழுந்து வீட்டுக்கு வந்து பழைய சோற்றில் மோரை ஊற்றிக் குடித்தார். அங்கே பந்தியில் பால் பாயசம், இங்கே இவருக்கு ஊறுகாய். பெரியம்மா பழமும் வெற்றிலையுமாக வந்து, "கொழுந்தனாரே, எங்க மேலதாங்க தப்பு, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொன்னதும் ஒரு காப்பியோடு முடிந்தது. அஃபெண்ட் ஆனவருக்கு வேண்டியது குறைந்துபோன மரியாதை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஆறிவிடும்.

அந்தக் கணக்கில் உன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நண்பர்கள் வீட்டு விருந்தில் மேனேஜர் ஆகிவிட்டேன் என்று நீ சொன்னபோது, "இன்னும் ஆர்டர் வரலையே" என்று அபிராமி சிரித்திருக்க வேண்டாம். உனக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். ஆனால் காரில் ஏறுமுன் வாசலிலேயே அவள் உன்னிடம் மன்னிப்புக் கேட்டாளே. நீயும் தலையாட்டினாயாமே. அங்கேயே முடிய வேண்டியது ஏன் முடியவில்லை என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைமடைக்குத் தண்ணீர் வராமல் பயிர் கருகிய வருஷம், காய்ந்த நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். நான் போன பஸ் நின்றது. இறங்கி அவர்களோடு நானும் நின்றேன். அந்தக் கோபத்துக்கு இங்கிலீஷில் இண்டிக்னேஷன் என்று பெயர், அநியாயத்தைப் பார்த்து வருவது. அது எப்போதும் பலம் உள்ளவனைப் பார்த்துத்தான் வரும். உன் கையில் ஸ்டியரிங் இருந்தது. அவள் மடியில் ஒரு கைப்பை இருந்தது. அதையும் இதையும் ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

தலைத் தீபாவளிக்குத் திருக்கடையூரில் உன் மாமனார் வீட்டில் நடந்ததை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. மூத்த மாப்பிள்ளைக்கு முதலில் காப்பி கொடுத்துவிட்டார்கள் என்று நீ போய்க் காரில் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டாய். ஏசியைப் போட்டுக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாய். உன் மாமனார் புது வேட்டியோடு வெயிலில் நின்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாராம். "மாப்ள முறுக்கு, மாப்ள முறுக்கு" என்று தெருவே சிரித்ததாம். அன்று போனில் கேட்டு நானும் சிரித்தேன். புது மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டும், மாமனார் கெஞ்ச வேண்டும், ஒரு வாட்சோ மோதிரமோ வந்து முடிய வேண்டும். நம் பக்கத்தில் அது தீபாவளிப் பட்சணம் மாதிரி, இல்லாவிட்டால்தான் குறை. அதனால் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. போன வாரம் அபிராமி சொல்கிறாள்: "எல்லாரும் சிரிச்சாங்க அத்தை. இவங்க கார்க் கண்ணாடி வழியா என்னைய மட்டும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. எங்கப்பா எவ்வளவு நேரம் வெயில்ல நிப்பாருன்னு நான் தவிக்கிறதப் பாத்தாங்க." அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் முறுக்கு என்கிற சொல் கண்ணை மறைத்துவிட்டது.

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், இல்லை என்றால் இல்லை என்று சொல். "வண்டி ஏறுற வரைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. மெயின் ரோட்டுக்கு வந்ததும் லாரிக்குப் பின்னாடி இடிக்கிற மாதிரி வேகமாப் போயி பிரேக் போட்டாங்க. சாரின்னேன். கேக்கலன்னாங்க. கத்திச் சொன்னேன். இன்னும் கேக்கலன்னுட்டு அடுத்த லாரிக்குப் பின்னாடி போனாங்க. நான் கண்ண மூடுனா, கண்ணத் தெறன்னாங்க அத்தை." இந்த இடத்தில் அவள் நிறுத்தித் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுச் சொன்னாள். "டோல்கேட்டுல மெதுவா வந்தாங்க. ஃபாஸ்டேக் படிக்கலன்னு அங்க உள்ள ஆளு மெஷினத் தூக்கிக்கிட்டு வந்தாரு. இவங்க கண்ணாடிய எறக்கி, என்னண்ணே சாப்டாச்சான்னு கேட்டாங்க. வெயிலா இருக்கேன்னு சொல்லி நம்ம தண்ணி பாட்டில எடுத்து அவருக்குக் குடுத்தாங்க. அந்தாளு கும்புட்டாரு. அப்புறம் கண்ணாடிய ஏத்துனாங்க. இண்டிகேட்டர் போட்டுப் பாத்து லேன் மாறுனாங்க. மறுபடியும் அதே மாதிரி ஓட்ட ஆரம்பிச்சாங்க." வீட்டுக்குப் போனதும் நீ முகம் கழுவிவிட்டுக் காப்பி கேட்டாயாம். அவளும் போட்டுக் கொடுத்தாளாம். மறுநாள் நீ ஆபீஸ் போன பிறகு பஸ் ஏறியவள்தான்.

உன் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அடிக்கலையே, மேல கையே வைக்கலங்கறானே" என்றார். "வைக்கலதான்" என்றேன். பேப்பரை மடித்தார், மறுபடி விரித்தார். "தண்ணி பாட்டிலு குடுத்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு பேப்பர் படிக்கவில்லை. சாப்பிட எழுந்து வரவும் இல்லை.

எனக்கும் அந்தத் தண்ணீர் பாட்டில்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஃப்யூரியஸ் என்று ஒரு சொல் உண்டு, கண் மண் தெரியாத கோபம். அதையாவது உனக்குக் கொடுக்கலாம், ஆத்திரத்தில் அறிவு கெட்டுப்போச்சு என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். கண் மண் தெரியாதவனுக்கு டோல்கேட்காரன் வெயிலில் நிற்பது தெரியுமா? உனக்கு எல்லாம் தெரிந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்தினாய், எங்கே தொடங்கலாம் என்று பார்த்துத் தொடங்கினாய். சின்ன வயசில் நீ கோபத்தில் தட்டைத் தூக்கி எறிந்திருக்கிறாய். அடுத்த நிமிஷம் என் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுவாய். உன் அப்பா ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார், பிறகு கடைத்தெரு வரை போய் வடை வாங்கிக்கொண்டு வருவார். அதெல்லாம் கோபம். அதில் எதற்கும் நான் பயந்ததே இல்லை. கோபத்துக்கு எனக்குத் தெரிந்த சொல் அத்தனையும் எடுத்துப் பார்த்துவிட்டேன், தம்பி. நீ செய்தது ஒன்றிலும் அடங்கவில்லை. நீ அன்றைக்குக் கோபமாகவே இல்லை. ஒருத்தியை நடுங்கவைத்து, அவள் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதைப் போய் அப்செட் என்றாயே.

திருக்கடையூருக்குப் போகாமல் ஏன் மாமியார் வீட்டுக்கு வந்தாள் என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். "அங்க போனா, புருசனோட கோவிச்சுக்கிட்டு வந்துட்டான்னு ஆயிடும் அத்தை. நாலு பேரு கூடிப் பேசுவாங்க. அப்பா பழத்தட்டோட போயி அவங்கள அழைச்சிட்டு வருவாங்க. ராசியாப் போச்சுன்னு அனுப்பிடுவாங்க. நான் கோவிச்சுக்கல அத்தை. எனக்குப் பயமா இருக்கு. அதுக்கு அங்க வழியில்ல" என்றாள். உண்மைதானே. கோபித்துக்கொண்டு வந்த பெண்ணுக்கு என்ன செய்வது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பயந்து வந்தவளுக்கு என்ன செய்வது என்று ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அவள் வந்து பையை இறக்கியதும் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்றுதான் என் வாயில் வந்தது. அவள் கையைப் பார்த்தேன். காப்பி டம்ளர் டபராவில் கடகடவென்று அடித்தது. வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று நீ போனில், "என்னம்மா, மருமக பக்கம் சாஞ்சுட்டியா?" என்று சிரித்தாய். "பரவாயில்ல, சனிக்கிழமை நானே வர்றேன், நல்லாப் பேசிக்கலாம்" என்றாய். நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். உன் குரலில் துளி சூடு இல்லை. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று வேறு கேட்டாய். டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கிக் கேட்டது இதே குரலில்தானே என்று தோன்றிவிட்டது. அதற்குமேல் என்னால் போனைக் காதில் வைத்திருக்க முடியவில்லை.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் அவளைப் போ என்று சொல்லப்போவதில்லை. சனிக்கிழமை நீ வராதே. திருக்கடையூரில் சொல்ல வேண்டியதை நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். மருமகளுக்கு வக்காலத்து வாங்கும் மாமியார் என்று ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நீ ஒரு நல்ல மனநல டாக்டரைப் பார். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நான் சென்னைக்கு வருகிறேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கிலீஷ் எதுவும் வேண்டாம், அவரிடம் தமிழிலேயே, என் பெண்டாட்டியை வேண்டுமென்றே பயமுறுத்தினேன் என்று சொல். அதை உன் வாயால் சொல்ல முடிந்த பிறகு மற்றதைப் பேசலாம். மீறி வந்து வாசலில் நின்றால், கையைப் பிசைந்துகொண்டு நிற்க மாட்டேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன்.

உன்னை வெறுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வெறுத்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நீ என் பிள்ளை, நாளைக்கும் என் பிள்ளைதான்.

முடிக்கப் போகிற நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இன்றைக்கு வியாழன்தான், நீ சனிக்கிழமை என்றுதான் சொன்னாய், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். நீ வருகிறாய் என்றால் வாசலைத் திறந்துவைத்துக் காத்திருப்பவள் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன், மேல் தாழ்ப்பாளையும் போட்டேன், கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது, பேச்சுச் சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து ஓடி வந்த அபிராமி அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குமா, அத்தை?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

அம்மா